பெண்ணுக்கு எந்தப் பள்ளி: இருபாலரா, பெண்கள் மட்டுமா? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஐந்தாவதோ எட்டாவதோ முடிக்கப்போகிற பெண் வீட்டில் இருந்தால், பொங்கல் கழிந்த கையோடு இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். பாட்டி "பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்லயே போடுங்க, நிம்மதி" என்பார். சித்தப்பா "காலம் மாறிடுச்சு அண்ணி, பசங்களோட படிச்சாத்தான் தைரியம் வரும்" என்பார். அப்பாவும் அம்மாவும் இரண்டு பள்ளி விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு நாள் கடத்துவார்கள். நான் தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் இருபாலர் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிற இடம், அதனால் இரண்டு பக்கத்துச் சேதியும் தினமும் காதில் விழும். வாசல் போர்டில் இருபாலர் என்று இருக்கிறதா மகளிர் என்று இருக்கிறதா என்பதைவிட, அந்த வாசலைத் தாண்டிய பிறகு ஒரு பெண் பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதை அட்மிஷனுக்கு முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன்.

எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

பிள்ளை இப்போது மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ படித்தால், தனியாருக்கு மாற்றும் முன் ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2020ல் வந்தது, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதுதான் அடிப்படை. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். ஆறாவதையும் ஏழாவதையும் காசு கட்டி மெட்ரிக்கில் படிக்க வைத்துவிட்டு எட்டாவதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினால், இரண்டுமே கைவிட்டுப் போய்விடும்.

கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) தனியார் பள்ளியில் கிடைத்த இலவச இடத்தில் படிக்கிற பிள்ளைக்கு வேறு கணக்கு. அந்த இலவசம் எட்டாவதோடு முடிகிறது, ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம். அந்த இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதத்துக்கும் புதுமைப் பெண்ணுக்கும் தகுதி உண்டு. இது தெரியாமல், கடன் வாங்கி அதே பள்ளியில் ஒன்பதாவது கட்டணம் கட்டுகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. தனியார்தான் உயர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி பக்கத்தில் இருந்தால் அதையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சரி, பார்த்தாயிற்று, தனியார்தான் என்று முடிவாகிவிட்டது என்றால் மேலே படியுங்கள்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வரும் விதம்

வடசென்னையில் பெண்கள் பள்ளி என்றால் பெரும்பாலும் மிஷன் ஆரம்பித்த பழைய பள்ளிகள்தான். ராயபுரத்தில் நார்த்விக், கொஞ்சம் தள்ளி வேப்பேரியில் 1837ல் தொடங்கிய பென்டிங்க், இப்படி. பாட்டி, அம்மா, பெண் என்று மூன்று தலைமுறையும் ஒரே பள்ளியில் படித்த குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. பழைய பள்ளிகளில் பல அரசு உதவி பெறுபவை, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழியும் இருக்கும், அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழியும் நடக்கும். மெட்ரிக் பள்ளிகள் பெரும்பாலும் இருபாலர். சிபிஎஸ்இ அநேகமாக இருபாலர்தான். ஆக, "கோ-எட்டா, கேர்ள்ஸா" என்று கேட்கும்போதே பாடத்திட்டம், தமிழ் வழியா ஆங்கில வழியா, வருடத்துக்கு எவ்வளவு பணம், இந்த மூன்றையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், பையன்கள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டு, ஆறாம் மாதம் பிள்ளை கணக்கில் தடுமாறும்போது பள்ளியைக் குறை சொல்வோம்.

இன்னொரு விஷயம், சில கான்வென்ட்களில் ஐந்தாவது வரை பையன்கள் இருப்பார்கள், ஆறிலிருந்து பெண்கள் மட்டும். ஆண்கள் பள்ளி சிலவற்றில் பிளஸ் ஒன்னுக்கு மட்டும் பெண்களைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்கும் பள்ளி என்றால் அந்த வகுப்பில் எத்தனை பெண்கள் என்று கேளுங்கள். நாற்பது பையன்களுக்கு நடுவே நாலு பெண்கள் என்றால், அதற்குப் பெயர் இருபாலர் என்றாலும் அந்த நாலு பேரின் பாடு தனி. அதேபோல "சிபிஎஸ்இ பேட்டர்ன்" என்று போர்டு வைத்த பள்ளியில் அஃபிலியேஷன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பேட்டர்ன் வேறு, அங்கீகாரம் வேறு.

பெயருக்கு இருபாலர்

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இருபாலர் பள்ளி என்று நம்பிப் பணம் கட்டுகிற பல இடங்களில் உள்ளே நடப்பது வேறு. என் டியூஷனில் பத்தாவது படிக்கிற ஒரு பெண், இருபாலர் பள்ளி. எதிரே உட்கார்ந்திருந்த பையன் காம்பஸ் கேட்டான். அவள் நேராக அவன் கையில் கொடுக்கவில்லை, பக்கத்திலிருந்த தோழியிடம் கொடுத்தாள், தோழி தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே செக்‌ஷன். ஏன் என்று கேட்டால், "பழக்கம் மிஸ்" என்றாள். அவள் பள்ளியில் பெண்களுக்கு ஒரு மாடிப்படி, பையன்களுக்கு ஒரு மாடிப்படி. லேபில் வேறு வேறு நாள். ஒரு பையனோடு பேசுவதை யாராவது பார்த்தால் டைரியில் எழுதி அம்மாவைக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் பெண்ணின் அம்மாவைத்தான்.

இப்படிப்பட்ட பள்ளியில் பெண் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? பையன்களோடு சகஜமாகப் பேசி வேலை செய்யப் பழகலாம் என்பதுதானே இருபாலர் பள்ளியின் லாபம், அது கிடைக்காது. பெண்கள் பள்ளியில் கிடைக்கிற சுதந்திரமும் கிடைக்காது. அங்கே மைதானமும் மேடையும் லேபும் மாணவர் தலைவர் பதவியும் பெண்களுடையது, இங்கே எல்லாவற்றிலும் பாதி, சமயத்தில் அதுவும் இல்லை. அதோடு, பக்கத்தில் ஒரு பையன் நின்றாலே தப்பு நடக்கப்போகிறது என்ற எண்ணத்தைத் தினமும் ஏழெட்டு மணி நேரம் மண்டையில் ஏற்றிக்கொண்டு வளரும். இரண்டு வகையிலும் உள்ள நஷ்டம் மட்டும் சேர்ந்த இடம் என்று இதைத்தான் சொல்வேன். இதற்குப் பதில் ஒரு நல்ல பெண்கள் பள்ளி எவ்வளவோ மேல்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளி விடும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் எதிர்க் கடையில் நில்லுங்கள், ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று நாள். பிள்ளைகள் வெளியே வரும்போது பெண்கள் கேட்டைத் தாண்டும் வரை ஒரு முகமும் தாண்டிய பிறகு வேறு முகமுமாக இருக்கிறார்களா என்று பாருங்கள். அலுவலகத்தில் பேசும்போது, "பையனும் பொண்ணும் பேசிக்கிட்டா உங்க ஸ்கூல்ல என்ன செய்வீங்க?" என்று நேராகக் கேளுங்கள். "அதெல்லாம் எங்ககிட்ட நடக்கவே நடக்காதுங்க" என்று பெருமையாகச் சொன்னால் அதுவே பதில். "பேசுவாங்க, கிளாஸ் நேரத்துல பேசினா ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவோம்" என்று சொல்கிற தலைமையாசிரியர் கிடைத்தால் அந்தப் பள்ளியை விடாதீர்கள். மாணவர் தலைவராகக் கடந்த சில வருடங்களில் பெண் யாராவது இருந்திருக்கிறாளா, ஆண்டு விழாவில் பெண்களுக்கு டான்ஸும் வரவேற்பில் சந்தனம் கொடுப்பதும் மட்டும்தானா, அறிவியல் கண்காட்சியில் யார் மாடல் செய்தார்கள், யார் சார்ட் எழுதினார்கள், இதையெல்லாம் அங்கே படிக்கிற ஒரு பெண்ணிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள்.

பெண்கள் பள்ளியிலும் இதே சோதனை உண்டு, கேள்விதான் வேறு. அங்கே பெண்களை எதற்குத் தயார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பின்னல் இரட்டையாக இருக்கிறதா, ரிப்பன் கலர் சரியா, துப்பட்டா 'வி' வடிவில் பின் குத்தியிருக்கிறதா என்பதிலேயே காலை அசெம்ப்ளி முழுக்கப் போகிற பள்ளிகள் இருக்கின்றன. அதே ஊரில், மைக்கைப் பிடித்து இருநூறு பேர் முன்னால் ஆறாவது படிக்கிற பெண்ணைப் பேச வைக்கிற பள்ளியும் இருக்கிறது. இரண்டுக்கும் போர்டில் மகளிர் என்றுதான் எழுதியிருக்கும்.

ரிசல்ட்டை எப்படிப் படிப்பது

பெண்கள் பள்ளி வாசலில் "98 சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் தொங்கும், எதிர்த் தெரு இருபாலர் பள்ளியில் 95 என்று தொங்கும். உடனே பெண்கள் பள்ளிதான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் வருடா வருடம் பெண்கள்தான் பையன்களைவிட அதிகமாகத் தேர்ச்சி பெறுகிறார்கள். 2025 பிளஸ் டூ தேர்வில் பெண்கள் 96.70 சதவீதம், பையன்கள் 93.16 சதவீதம். பத்தாம் வகுப்பில் பெண்கள் 95.88, பையன்கள் 91.74. அப்படியானால் பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளியின் சதவீதம் இயல்பாகவே கூடத்தான் தெரியும். இருபாலர் பள்ளியில் "பெண்களோட தேர்ச்சி மட்டும் தனியா எவ்வளவு?" என்று கேளுங்கள், அதைப் பெண்கள் பள்ளியின் எண்ணோடு வைத்துப் பாருங்கள், அதுதான் நியாயமான ஒப்பீடு. கூடவே, ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாவது தேர்வுக்கு எத்தனை பேர் போனார்கள் என்றும் கேளுங்கள். நூறு சதவீதம் காட்டுவதற்காகச் சுமாராகப் படிக்கிற பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே டிசி வாங்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்படி வந்த பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 21 நாடுகளில் செய்த 184 ஆய்வுகளை, மொத்தம் 16 லட்சம் மாணவர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2014ல் வந்தது. குடும்பப் பின்னணி போன்றவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் ஒருபாலர் பள்ளிக்கும் இருபாலர் பள்ளிக்கும் படிப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றது. தென்கொரியாவின் சியோலில் பிள்ளைகளுக்குப் பள்ளியைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். அதை வைத்துச் செய்து 2013ல் வெளியான ஆய்வில் ஒருபாலர் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணிலும் கல்லூரிக்குப் போவதிலும் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். இதை வைத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. உங்கள் தெருவிலிருந்து போகக்கூடிய மூன்று நான்கு பள்ளிகளில் எது நல்லது என்பதை எந்த ஆய்வும் சொல்லாது.

பிளஸ் ஒன்னில் என்ன குரூப் இருக்கிறது

ஆறாவதில் சேர்க்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். சில பெண்கள் பள்ளிகளில் காமர்ஸும் பியூர் சயின்ஸும் இருக்கும், கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்காது. அல்லது குரூப் பெயரளவில் இருக்கும், கணக்கு டீச்சர் இடம் காலியாக இருக்கும். பத்தாவதில் 450 வாங்கிய பெண்ணை, "இந்த ஸ்கூலே போதும், பழகின இடம், பஸ் மாற வேண்டாம்" என்று சொல்லி, வீட்டார் இருக்கிற குரூப்பிலேயே சேர்த்துவிடுவார்கள். பையனாக இருந்தால் பெரம்பூர் தாண்டியும் அனுப்பியிருப்போம். அதனால் முதல் நாளே மூன்று கேள்வி: என்னென்ன குரூப், ஒவ்வொன்றுக்கும் பாட ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறார்களா, சொந்தப் பள்ளிப் பிள்ளைக்கே குரூப் கொடுக்க எத்தனை மதிப்பெண் கேட்கிறீர்கள்.

இருபாலர் பள்ளியில் இதே கேள்வியை வேறு மாதிரி கேளுங்கள். கணிதம், கம்ப்யூட்டர் குரூப்பில் போன வருடம் எத்தனை பெண்கள்? "பொண்ணுங்க எல்லாம் காமர்ஸ்தான் கேக்கறாங்க" என்று பதில் வந்தால், கேட்கிறார்களா, கேட்க வைக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

வழி

படிப்பைவிடப் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிப்பது வழிதான், அதில் தப்பும் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடுகள் நம்முடையவை. கொருக்குப்பேட்டை கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது பைக்கில் அப்பாவோடு போகாமல், பிள்ளையும் அம்மாவும் அவள் தினமும் எப்படிப் போகப் போகிறாளோ அப்படியே, அதே காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். திருவொற்றியூர், காலடிப்பேட்டை, டோல்கேட் பக்கம் இருப்பவர்களுக்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு தூரப் பள்ளிகளும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன, ஆனால் ஸ்டேஷனிலிருந்து பள்ளி வரை நடக்கிற தூரம்தான் பார்க்க வேண்டியது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் எல்லோருக்கும் இலவசம், எந்தப் பள்ளி என்று கேட்க மாட்டார்கள். கூட்டம் எப்படி என்பதை அந்தத் தடத்தில் போகிற பெண்களிடம் கேளுங்கள்.

காசிமேட்டில் மீன் எடுக்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் பெரிய பெண்தான் தம்பிக்கும் சோறு போட்டுவிட்டுத் தானும் கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், தம்பி படிக்கிற அதே இருபாலர் பள்ளியில் அக்காவும் படிப்பது பெரிய நிம்மதி என்று வாதாடுவார்கள். வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பிக்குக் காவலாக இருப்பதற்காக அக்காவின் பள்ளி முடிவாகக் கூடாது, தம்பி வேறு யாரோடாவது போகட்டும்.

பள்ளி வேன் என்றால், வேனில் பெண் உதவியாளர் இருக்கிறாரா, கடைசி ஸ்டாப் வரை வருகிறாரா என்று கேளுங்கள். கடைசியாக இறங்குகிற பெண் உங்கள் பெண்ணாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். 2012ல் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அந்த வாகனங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வருடந்தோறும் சோதிக்கிறது, தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கத்துப் பள்ளி என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: வாயு வாடை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவீர்கள், எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்? 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

டாய்லெட்டைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

சாயங்காலம் டியூஷனுக்கு வருகிற பெண்களின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே ஒரு பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே முழுசாக வரும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் முதலில் சொல்ல மாட்டார்கள். பிறகு மெதுவாக வரும்: தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மூன்றாவது பீரியடுக்கு மேல் தண்ணீர் வராது, பீரியட்ஸ் நாளில் நாப்கினைப் போட இடம் இல்லாமல் பேப்பரில் சுற்றிப் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நீர்க்கடுப்பு, வயிற்றுவலி, மாதம் இரண்டு நாள் லீவு எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த லீவில் போன பாடத்தைத்தான் நான் திரும்ப நடத்திக்கொண்டிருப்பேன்.

பெண்கள் பள்ளியில் பொதுவாக டீச்சரிடம் கூசாமல் கேட்கலாம், அது ஒரு பெரிய வசதி. ஆனால் ஆயிரம் பெண்களுக்குப் பத்து டாய்லெட் என்றால் இடைவேளை முழுக்க வரிசையில் போய்விடும். இருபாலர் பள்ளியில் பெண்கள் டாய்லெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பையன்கள் கூடி நிற்கும் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் பெண்கள் போக மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்குக் கழுவி வைத்த டாய்லெட்டைக் காட்டுவார்கள், நீங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அம்மாவாகப் போய், பெண்ணையும் கூட்டிப்போய், உள்ளே நுழைந்து குழாயைத் திறந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாதுகாப்பு

பெண்கள் பள்ளி என்றால் பாதுகாப்பு என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். பையன்கள் இல்லை என்பது உண்மை. பிடி மாஸ்டர், வேன் டிரைவர், அலுவலக ஊழியர், கரஸ்பாண்டன்ட் குடும்பத்து ஆண்கள் இருப்பார்கள். 2021ல் சென்னையில் பள்ளி ஆசிரியர்கள் மேல் புகார்கள் வெளியே வந்த பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், அதில் பெற்றோரும் இருக்க வேண்டும் என்று அரசு சொன்னது. எந்த வகைப் பள்ளியாக இருந்தாலும் அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாமல் முழித்தால் குழு பேப்பரில்தான் இருக்கிறது. பிள்ளை மீது யாராவது கை வைத்தால் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கிற விஷயம் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், பள்ளி நிர்வாகத்துக்கும் இது பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். எதைச் சொன்னாலும் "நீ ஏன் அங்க போன?" என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பெண்கள் வாயைத் திறப்பதில்லை.

விளையாட்டு

வியாசர்பாடி கால்பந்துக்குப் பெயர் போனது. புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்து வந்தார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த பெண் பிள்ளைக்கு வாரம் இரண்டு பிடி பீரியடில் பந்து கையில் கிடைக்க வேண்டாமா? இருபாலர் பள்ளியில் பிடி பீரியடில் பெண்கள் மர நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். பாரதியார் தினம், குடியரசு தினப் போட்டிகளுக்குப் பெண்கள் அணி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

பணம்

தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி குழு இருக்கிறது, அது நிர்ணயித்த தொகையை வலைத்தளத்தில் பார்க்கலாம். அதற்கு மேல் ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், கட்டட நிதி என்று வருவதை எல்லாம் வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வீட்டில் பையனும் இருந்தால், இரண்டு கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையன் சிபிஎஸ்இ-யில் லட்சத்திலும் பெண் பக்கத்துத் தெரு பெண்கள் பள்ளியில் சில ஆயிரத்திலும் படிக்கிற வீடுகளில், பெண்ணுக்கு அது நன்றாகவே புரிகிறது.

யாருக்கு எது

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெண்களை உண்மையாகவே சமமாக நடத்துகிற இருபாலர் பள்ளி நடக்கிற தூரத்தில் இருந்தால் அதில் சேர்ப்பேன். நாளைக்குக் கல்லூரியில், ஆபீஸில், கடையில் ஆண்களோடுதான் அவள் வேலை செய்யப் போகிறாள். பெயருக்கு மட்டும் இருபாலர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண்கள் பள்ளி. ஏற்கெனவே இருபாலர் பள்ளியில் படித்து, வகுப்பில் கையே தூக்காமல், கிண்டலுக்குப் பயந்து கூனிக் குறுகிப்போன பெண்ணுக்கு ஆறிலிருந்து பத்து வரை பெண்கள் பள்ளி நிறைய நன்மை செய்யும். அப்படி மாறிய பிறகு குரலே மாறிப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிளஸ் ஒன் வரும்போது குரூப்பைப் பார்த்து மறுபடி யோசிக்கலாம்.

ஒரே ஒரு காரணத்துக்காகப் பெண்கள் பள்ளியில் போடாதீர்கள்: யாரையாவது காதலித்துவிடுவாளோ என்ற பயத்துக்காக. அந்தப் பயம் அவளுக்குத் தெரியாமல் இருக்காது, தன்னை நம்பவில்லை என்பது மட்டும்தான் அவள் மனதில் நிற்கும். அவளைக் கேளுங்கள். "உனக்கு எங்க பிடிக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எதுன்னாலும் சரி" என்பாள், அல்லது தோழி எங்கே போகிறாளோ அங்கே என்பாள். இரண்டு பள்ளிகளையும் நேரில் காட்டிவிட்டு, எங்கே சந்தேகம் கேட்கக் கூச்சம் இருக்காது, எங்கே டாய்லெட் போகலாம், எங்கே விளையாடலாம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டால் பதினோரு வயதுப் பெண் தெளிவாகப் பதில் சொல்லுவாள். அந்தப் பேச்சில் பெரியப்பா, அத்தை எல்லாம் வேண்டாம், அம்மாவும் அப்பாவும் போதும்.

முடிவு செய்த பிறகு செய்ய வேண்டியது

பழைய பள்ளியில் டிசி வாங்கும்போது எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் பிள்ளைக்குக் கொடுத்த எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் பெயரை எமிஸில் காமன் பூலுக்கு (பள்ளி மாறுகிற பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) மாற்றிவிட்டார்களா என்று அங்கேயே நின்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது மாறாவிட்டால் புதிய பள்ளியில் பெயர் ஏறாது, அலைச்சல்தான். கட்டணப் பாக்கி என்று சொல்லி டிசி-யை நிறுத்திவைக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் சொல்லிவிட்டது. இழுத்தடித்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலமாக மனு கொடுத்துவிட்டு, 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணிலும் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், மே மாதம் போனால் வரிசை தெரு முனை வரை நிற்கும். டிசி, ஆதார், பிறப்புச் சான்றிதழ், கடைசி மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நாலு நாலு பிரதி எடுத்து ஒரே ஃபைலில் போட்டு, அசலைப் பள்ளியில் கொடுத்தால் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.